பாக்கெட்டில் ஒரு மல்டிடூல்: எதுக்கு ஆகும், எதுக்கு ஆகாது

என் மல்டிடூலைத் திறந்து வயர் வெட்டுற இடத்தைப் பார்த்தா, ரெண்டு பக்கமும் சின்னதா ஒரு பள்ளம் தெரியும். இரும்பு உருகி, ஓரமெல்லாம் கறுத்துப் போயிருக்கும். கடையில வாங்கும்போது அது இல்லை. நான் போட்டது.

ரெண்டாம் வருஷம், ஐப்பசி மாசம். காரைக்கால்ல அடைமழை பிடிச்சா எப்படின்னு சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலமே கரண்ட் போயிடுச்சு. வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வயரை எலி கடிச்சு வச்சிருந்தது. சும்மாதானே இருக்கோம், கடிச்ச துண்டை வெட்டிட்டு ஒட்டிடலாம்னு போன் டார்ச் வெளிச்சத்துல உட்கார்ந்தேன். கரண்ட்தான் இல்லையே, பிளக்கை எதுக்குப் பிடுங்கணும்?

அந்த ரூம்ல லைட், ஃபேன் ரெண்டு சுவிட்சும் ஆஃப்ல இருந்தது. நடுவுல கரண்ட் வந்தது எனக்குத் தெரியலை. வயரை வச்சு அழுத்தினேன். 'டப்'புனு ஒரு சத்தம், நீலமா ஒரு பொறி. எம்.சி.பி விழுந்து வீடே இருட்டாயிடுச்சு. அம்மா ஓடி வந்து பார்த்துட்டு, "நீ படிக்கிறது என்ன இன்ஜினியரிங்டா?"ன்னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்லை.

நான் ஏன் தப்பிச்சேன்?

பிளேடு பேஸ், நியூட்ரல் ரெண்டையும் ஒரே நேரத்துல தொட்டது. ஷார்ட் சர்க்யூட். நூத்துக்கணக்கான ஆம்பியர் பாய்ஞ்சதும் எம்.சி.பி உடனே டிரிப் ஆச்சு. இது அதிர்ஷ்டம்தான். ஏன்னா, பேஸ் வயரை மட்டும் தனியா வெட்டியிருந்தா ஷார்ட் ஆகியிருக்காது. என் கையில இருந்த உலோகக் கைப்பிடி முழுசும் 230 வோல்ட்டுக்கு வந்திருக்கும். உடம்பு வழியா ஈரத் தரைக்கு 100 மில்லி ஆம்பியர் போனாலே உயிர் போகலாம். ஆனா 16 ஆம்பியர் எம்.சி.பிக்கு அது ஒரு பொருட்டே இல்லை, அசையாது. எம்.சி.பி காப்பாத்துறது வயரை, நம்மளை இல்லை. நம்மளைக் காப்பாத்துறது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. எங்க வீட்ல அப்ப அது கிடையாது.

அதனால முதல் பாடம் இதுதான்: மெயின்ஸ் கரண்ட் வேலைக்கு மல்டிடூல் ஆகாது. கைப்பிடி மேல பிளாஸ்டிக் இருந்தாலும் அது பிடிமானத்துக்குத்தான். இன்சுலேட்டட் டூல்னா அதுல 1000 வோல்ட்டுனு குறி போட்டிருக்கும். அந்த டூலை வச்சிருந்தாலும் பிளக்கைப் பிடுங்கு, இல்லைன்னா எம்.சி.பியை ஆஃப் பண்ணு. டெஸ்டரை முதல்ல கரண்ட் இருக்கிற இடத்துல வச்சு எரியுதான்னு பாரு, அப்புறம் வேலை செய்ற இடத்துல வை. கரண்ட் கட்டை நம்பாதே. அது எப்ப வேணா வரும். இன்வெர்ட்டர் இருக்கிற வீட்ல அது போகவே போயிருக்காது.

அப்போ எதுக்குத்தான் ஆகும்?

1975-ல் டிம் லெதர்மேன்ங்கிற அமெரிக்க இன்ஜினியர் ஒரு பழைய ஃபியட் கார்ல ஐரோப்பா சுத்தினார். அடிக்கடி நிக்கிற கார், ஒழுகுற ஹோட்டல் குழாய். பாக்கெட்ல கத்தி இருந்தது, கட்டிங் பிளேயர் இல்லை. கத்தியோட பிளேயரையும் சேர்த்து மடக்க வழி தேடினார். வருஷக்கணக்கா மாதிரி செஞ்சு பார்த்து, 1983-ல் கம்பெனி ஆரம்பிச்சார். இந்தக் கதையிலயே பதில் இருக்கு. டூல் பாக்ஸ் பக்கத்துல இல்லாதப்ப வேலை நின்னு போகாம இருக்கத்தான் மல்டிடூல். டூல் பாக்ஸுக்குப் பதிலா இல்லை.

லூசான கதவுத் தாழ்ப்பாள், கால்குலேட்டர் பின்மூடி, பைக் நம்பர் பிளேட் ஸ்க்ரூ, பார்சல் கயிறு, புராஜெக்ட்டுக்கு ஜம்பர் வயர்: இதெல்லாம் தாராளமா பண்ணலாம். ஸ்க்ரூ வழுக்குச்சுன்னா தலையில ஒரு ரப்பர் பேண்டை வச்சு, நல்லா அமுக்கிட்டுத் திருப்புங்க.

கெட்டியான கம்பியை நுனியில வச்சு வெட்டாதீங்க. கைப்பிடியில நீங்க அழுத்துற இடம் ஆணியில இருந்து 8 செ.மீ, நுனி 4 செ.மீன்னு வச்சுக்கோங்க. 10 கிலோ விசை கொடுத்தா நுனியில 20 கிலோதான் கிடைக்கும். ஆணியை ஒட்டி 1 செ.மீ தூரத்துல வச்சா 80 கிலோ. பாட்டி பாக்குவெட்டியில கொட்டைப்பாக்கை உள்ளே தள்ளி வைக்கிறதும் இதே கணக்குதான். அவங்க மெக்கானிக்ஸ் பேப்பர் எழுதலை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பைக் போல்ட்டை மட்டும் பிளேயரால திருகாதீங்க. ஸ்பேனர் போல்ட்டோட தட்டையான பக்கங்களைப் பிடிக்கும். பிளேயர் வழுக்கி மூலைகளை மழுக்கிடும். அப்புறம் மெக்கானிக்கிட்டயும் ஸ்பேனர் நிக்காது.

உப்புக் காத்து

'ஸ்டெயின்லெஸ்தானே, துருப்பிடிக்காது'ன்னு நம்பி பீச்சுக்கு எடுத்துட்டுப் போய் அப்படியே பையில போட்டா, ஒரே மாசத்துல மடிப்புல பழுப்பு நிறம் தெரியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல குறைஞ்சது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அது மேற்பரப்புல மெல்லிய ஆக்சைடு படலமா நின்னு காக்கும். கடல் உப்போட குளோரைடு அந்தப் படலத்தைத் துளைக்கும். மடிப்புக்குள்ள ஆக்சிஜன் சரியா போகாததால படலம் திரும்ப உருவாகவும் முடியாது. பிளேடு கூர்மை நிக்கணும்னு அதுல கார்பன் அதிகமா சேர்ப்பாங்க. குரோமியத்துல கொஞ்சம் அந்தக் கார்பனோட சேர்ந்துடுறதால பிளேடுக்கு எதிர்ப்பு இன்னும் குறைவு.

வைத்தியம் சுலபம். எல்லாத்தையும் திறந்து நல்ல தண்ணியில கழுவுங்க. போர் தண்ணி உப்பா இருந்தா குடிக்கிற தண்ணி. நல்லா துடைச்சு, காய வச்சு, மூட்டுக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் ஆயில். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானா தூசியோட சேர்ந்து பிசுக்காயிடும்.

ஒண்ணு கவனம். திருச்சியில ஃபிளைட் ஏறப் போறீங்கன்னா கைப்பையில வைக்காதீங்க, செக்-இன் பையில போடுங்க. பரீட்சை ஹாலுக்கும் வேண்டாம்.

என் பிளேடுல இருக்கிற பள்ளத்தை அரம் போட்டுத் தேய்ச்சா ஓரளவு சரியாகும். நான் தேய்க்கலை. அடுத்த மாசமே அப்பா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஆர்.சி.சி.பி மாட்டிட்டார். இந்த வாரம் வீட்டுக்குப் போனா உங்க மெயின் போர்டைப் பாருங்க. 'டி'ன்னு எழுதின சின்ன பட்டன் இருக்கிற பெட்டிதான் அது. அமுக்கினா கரண்ட் போகணும். போகலைன்னாலும், அப்படி ஒரு பட்டனே இல்லைன்னாலும், மல்டிடூலை உள்ளே வச்சிட்டு எலக்ட்ரீஷியனுக்கு போன் பண்ணுங்க.