வன்தட்டின் ஒலி

கார்டன் ரீச்சில் தென்கிழக்கு இரயில்வேயின் தலைமையகமும் கப்பல் கட்டும் தளமும் உள்ளன. அங்குப் பணிபுரிய வந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் பழைய மேசைக்கணினியை நினைத்துப் பாருங்கள். ஊர்த் திருவிழாப் படங்களும் மறைந்த பாட்டியின் குரற்பதிவும் அதில் மட்டுமே உள்ளன. சில நாள்களாகக் கோப்புகள் திறக்க நெடுநேரம் ஆகிறது. பெட்டியினுள் ‘டக், டக்’ என்னும் ஒலியும் எழுகிறது.

அவ்வொலி எங்கிருந்து வருகிறது? கணினியின் வன்தட்டினுள் காந்தப் பூச்சுடைய தகடுகள் பெரும்பாலும் நிமிடத்திற்கு 7200 முறை சுழல்கின்றன. அவற்றைப் படிக்கும் முனை, தலைமயிரின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த உயரத்தில் மிதக்கிறது. அம்முனை தன் இடத்தைக் காண இயலாமல் மீண்டும் மீண்டும் திரும்பும்போது ‘டக், டக்’ என ஒலிக்கும். இடைவிடாத இரைச்சலாயின், விசிறியில் தூசி படிந்திருக்கலாம். துடைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

பழுதை ஆராயும் ஆவல் எழுவது இயல்பே. எனினும், முதலில் பாட்டியின் குரலையும் படங்களையும் வேறொரு வன்தட்டிலோ பென் டிரைவிலோ படியெடுத்தல் வேண்டும். நலிந்த வன்தட்டு மறுமுறை இயங்காமலே போகலாம். ஒலி ஓயாது எழுந்தால் உடனே கணினியை நிறுத்தி, தரவு மீட்கும் வல்லுநரிடம் அளிப்பதே நன்று. வன்தட்டின் மூடியைத் திறத்தல் கூடாது. சிறு தூசியும் தகட்டைக் கெடுத்துவிடும்.

படியெடுத்த பின், மின்னிணைப்பை நீக்கி, வன்தட்டின் இணைப்பு வடம் தளர்ந்துள்ளதா எனப் பெரியோர் துணையுடன் பாருங்கள். வடம் சரியாக இருப்பின், வன்தட்டு தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ‘ஸ்மார்ட்’ குறிப்பைக் காண்க. பழுதுற்றதால் மாற்றிடம் அளிக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை அதில் இருக்கும். அவ்வெண் நாளுக்கு நாள் வளருமாயின், புதிய வன்தட்டு வாங்கும் காலம் வந்துவிட்டது.

வினா: விசிறியின் ஒலியையும் வன்தட்டின் ஒலியையும் எவ்வாறு வேறுபடுத்துவீர்?