கோழி எருவின் சூடு

ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகம் அடக்கமாகியிருக்கும் இடம் என்பதால் பேகம்பூர் என்று பெயர் பெற்ற பகுதி திண்டுக்கல்லில் உள்ளது. அங்கே எங்கள் வீட்டுக் கொல்லையில் ஐந்து சிறுவிடைக் கோழிகளும் பத்துப் பன்னிரண்டு கத்தரிச் செடிகளும் உண்டு. ஒரு கோடையில், கூட்டிலிருந்து வழித்த எச்சத்தை அப்படியே செடிகளின் தூரில் போட்டேன். ஒரே வாரத்தில் இலையோரங்கள் தீயில் வாட்டியதுபோல் கருகின. நான்கு செடிகள் பட்டுப் போயின.

"கோழி எரு சூடுப்பா. ஆறப் போடாம யாராவது வைப்பாங்களா?" என்றார் என் தாயார்.

இயற்பியல் கற்பிப்பவன் அல்லவா? வெப்பமானியை எச்சத்தில் செருகிப் பார்த்தேன். சுற்றியிருந்த காற்றின் வெப்பநிலைதான் காட்டிற்று! அப்படியானால் செடியைச் சுட்டது எது?

மாணவர்களே, கோழி எச்சத்தின் மேல் வெள்ளைப் பூச்சு ஒன்று இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அது யூரிக் அமிலம். நாம் யூரியாவாகக் கழிக்கும் நைட்ரஜனைப் பறவைகள் இந்த வடிவில் கழிக்கின்றன. இது நீரில் எளிதில் கரையாது. ஆகவே இதை வெளியேற்ற மிகக் குறைந்த நீரே போதும். யூரிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 168. அதில் நான்கு நைட்ரஜன் அணுக்களின் எடை 56. அதாவது மூன்றில் ஒரு பங்கு நைட்ரஜன்!

நுண்ணுயிர்கள் யூரிக் அமிலத்தைச் சிதைக்கும்போது அம்மோனியா பிறக்கிறது. அது இளம் வேர்களுக்கு நஞ்சு. எச்சத்திலுள்ள உப்புகளும் மண்ணின் ஈரத்தில் கரைகின்றன. நறுக்கிய வெள்ளரிக்காயில் உப்பைத் தூவினால் நீர் கசிகிறது அல்லவா? அதே சவ்வூடு பரவல்தான் இங்கும். வேரைச் சுற்றி உப்பு மிகுந்தால் வேரால் நீரை உறிஞ்ச முடியாது; ஈரமான மண்ணிலேயே செடி தாகத்தால் வாடும். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளைச் சுற்றி நிலத்தடி நீர் உப்பேறிய இடங்கள் உண்டு. அத்தகைய நீரைப் பாய்ச்சுவோர் கோழி எருவை இன்னும் குறைவாகவே இட வேண்டும்.

சரி, ஆறப் போடுவோம். ஆனால் வெறுமனே குவித்து வைத்தால் மூக்கைத் துளைக்கும் நெடி எழும். அந்த நெடிதான் அம்மோனியா. தோட்டத்துக்கு வர வேண்டிய நைட்ரஜன் காற்றில் போகிறது. எவ்வளவு போகிறது என்று கணக்கிடுவோம். கோழிகள் பகலில் வெளியே மேய்வதால் இரவில் கூட்டில் விழுவதே நமக்குக் கிடைக்கும். எங்கள் ஐந்து கோழிகளும் சேர்ந்து ஓர் இரவுக்குச் சுமார் 150 கிராம் தருகின்றன. ஆண்டுக்கு ஏறக்குறைய 55 கிலோ. ஈர எச்சத்தில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக நைட்ரஜன் இருக்கும்; எனவே ஆண்டுக்குச் சுமார் 600 கிராம். சதுர மீட்டருக்கு 10 கிராம் என்று இட்டால் 60 சதுர மீட்டர் காய்கறிப் பாத்திக்குப் போதும். பாதி பறந்துவிட்டாலோ 30 சதுர மீட்டருக்குத்தான்.

காற்றின் நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்யும் வழியை ஹேபர் 1909-இல் காட்டினார். தொழிற்சாலையில் அதற்கு 400 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும் நூறு வளிமண்டலங்களுக்கு மேற்பட்ட அழுத்தமும் தேவை. நாமோ கையிலிருப்பதைப் பறக்க விடுகிறோம்.

நாற்றம் போகக் கூட்டில் சாம்பல் தூவுவோர் பலர். இது தவறு. ஆய்வுக்கூடத்தில் நவச்சாரத்துடன் சுண்ணாம்பைச் சேர்த்துச் சூடாக்கி அம்மோனியா தயாரித்ததை நினைவுகூருங்கள். சாம்பலும் காரத்தன்மை உடையது. அம்மோனியாவை அதுவும் விரட்டும். அதற்குப் பதிலாகக் கடலைத் தொலி, காய்ந்த சருகு ஆகியவற்றைக் கூட்டில் பரப்புங்கள். நுண்ணுயிர்கள் தம் உடலைக் கட்ட ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் வேண்டும். எச்சத்தில் கார்பன் சுமார் 10 பங்கே உள்ளது. சருகு அந்தக் குறையை நிரப்பும். நைட்ரஜன் நுண்ணுயிர்களின் உடலில் தங்கிவிடும்.

இந்தக் கலவையைக் குவித்தால் மெய்யாகவே வெப்பம் பிறக்கும். ஒரு மீட்டர் பக்கமுள்ள குவியலின் உட்புறம் 55 முதல் 65 பாகை வரை ஏறக்கூடும். நோய்க்கிருமிகள் பெரும்பாலும் மடியும். ஆனால் ஐந்து கோழிகளை வைத்து அவ்வளவு பெரிய குவியல் சேர்ப்பது கடினம். பக்கம் மூன்றில் ஒரு பங்கானால், ஒவ்வொரு கன அளவு எருவுக்கும் வெப்பம் இழக்கும் பரப்பு மூன்று மடங்காகிறது. (கணக்கிட்டுப் பாருங்கள்!) எங்கள் குவியல் கை பொறுக்கும் சூட்டைத் தாண்டியதே இல்லை. சால்மொனெல்லா போன்ற கிருமிகள் அதில் பிழைத்திருக்கலாம். எனவே மூன்று நான்கு மாதங்கள் ஈரம் காயாமல் மக்க விடவும். பச்சையாக உண்ணும் கொத்தமல்லி போன்றவற்றுக்கு இதை இட வேண்டாம். எருவைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவவும்.

எரு ஆறிவிட்டதா என்று அறிய வெப்பமானி வேண்டாம். இரண்டு கொட்டாங்கச்சிகள் போதும். ஒன்றில் வெறும் மண், மற்றதில் மண்ணும் எருவும் சம அளவு. இரண்டிலும் இருபது கடுகு விதைத்து ஒரு வாரம் பாருங்கள். எரு இட்டதில் முளை குறைந்தாலோ நுனி கருகினாலோ இன்னும் பொறுக்க வேண்டும். எங்கள் குவியல் மூன்றாம் மாதம் இத்தேர்வில் தோற்று, நான்காம் மாதம் தேறியது. மக்காத எச்சத்தையும் அம்மா ஒரு கொட்டாங்கச்சியில் போட்டு வைத்தார். அதில் ஒரு கடுகுகூட முளைக்கவில்லை.