கரும்புத் தோட்டத்துப் புகைவண்டி

புகைவண்டி என்றால் ஊருக்குப் போகும் வண்டி என்றே நாம் எண்ணுகிறோம். கரும்பை இழுப்பதற்கென்றே செய்யப்பட்ட புகைவண்டிகளும் உலகில் உண்டு. அந்தப் பழைய நீராவி என்ஜின்களைப் பார்ப்பதற்காகவே இங்கிலாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் ஜாவாவுக்கும் கியூபாவுக்கும் பயணம் சென்றவர்கள் பலர். ஓர் என்ஜினைப் பார்க்கக் கடல் கடப்பதா என்று நமக்குச் சிரிப்பு வரலாம். நம்மூர்ப் பாதை 1976-இல் மூடப்பட்டு, 2011-இல் மறுபடியும் ரயில் வந்தபோது நிலையத்தில் கூடிய கூட்டத்தை நினைத்துப் பார்த்தால் அந்தச் சிரிப்பு அடங்கிவிடும்.

கரும்புக்கு ரயில் எதற்கு? வெட்டிய கரும்பு காத்திருக்காது. நேரம் ஆக ஆகச் சர்க்கரைச் சத்து குறையும். ஓரிரு நாளுக்குள் ஆலைக்குப் போயாக வேண்டும். இங்கே குருங்குளம் ஆலைக்கு லாரியிலும் டிராக்டரிலும் கொண்டுபோகிறார்கள். லாரி இல்லாத காலத்தில் தோட்ட முதலாளிகள் சிறு இருப்புப்பாதை போட்டார்கள். பல இடங்களில் அதன் அகலம் இரண்டடிதான், அதாவது 610 மில்லிமீட்டர். நம் அகலப்பாதையோ 1,676 மில்லிமீட்டர். வெட்டு முடிந்ததும் வயலிலுள்ள தண்டவாளத் துண்டுகளை ஆட்களே தூக்கி அடுத்த வயலில் போட்டுவிடலாம்.

தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கேட்கும். அடைபட்ட அந்த ஆவி உருளைக்குள் புகுந்து தண்டைத் தள்ள, சக்கரம் சுழல்கிறது. வேலை முடிந்த ஆவி புகைபோக்கி வழியே பாயும்போது அடுப்புக்குள் காற்றையும் இழுத்துவிடும். நாம் ‘குப் குப்’ என்று சொல்லும் ஓசை அதுவே. ஜாவாவில் அடுப்புக்குக் கரும்புச் சக்கையையே எரித்தார்கள். கரும்பைக் கரும்பே இழுத்தது! சக்கை நொடியில் எரிந்துவிடுமாதலால் தீப்போடுபவருக்குத்தான் ஓய்வே இல்லை.

இனி ஃபிஜித் தீவுக்கு வருவோம். 1882-இல் அங்கே நவ்சோரியில் சர்க்கரை ஆலை தொடங்கியது, ஆஸ்திரேலியாவின் காலனியல் சர்க்கரைக் கம்பெனி. லௌதோகா ஆலை 1903-இல் அரைக்கத் தொடங்கியது. அதே ஆண்டில்தான் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றவும் தொடங்கினார்கள். 1879 முதல் 1916 வரை அங்கே சென்ற இந்தியர் அறுபதாயிரத்துக்கும் மேல். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் தென்னாட்டவர், தஞ்சை மாவட்டத்தாரும் உண்டு. ஐந்தாண்டு ‘அக்ரிமெண்ட்’ அவர்கள் வாயில் ‘கிர்மிட்’ ஆயிற்று. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்று கணக்குப் போட்டு ஏற்றினார்கள். அந்தப் பெண்கள் பட்ட துன்பத்தைக் கேட்டே பாரதியார் ‘கரும்புத் தோட்டத்திலே’ பாடினார். தண்டவாளத்தில் ஏறிய கரும்பு அவர்கள் களை எடுத்து வளர்த்த கரும்பு என்பதை என்ஜின் பார்க்கப் போகிறவர்கள் நினைப்பார்களா, தெரியவில்லை.

ஃபிஜியில் ஓடிய என்ஜின் ஒன்று, 1912-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்தது, இப்போது அந்நாட்டிலேயே ஸ்டாட்ஃபோல்டில் பாதுகாக்கப்படுகிறது. இத்தகைய என்ஜின்களில் செய்தவர் பெயரும் எண்ணும் தகட்டில் பொறித்திருக்கும். கூலிகளுக்கோ ஒரு காகிதச் சீட்டு. பெயர், தகப்பனார் பெயர், ஊர், உயரம், உடலிலுள்ள தழும்பு எல்லாம் அதில் உண்டு. அச்சீட்டுகள் ஃபிஜியின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அதன் நகலைக் கையில் எடுத்துக்கொண்டு பாட்டியின் ஊரைத் தேடித் தமிழ்நாட்டுக்கு வரும் பேரப்பிள்ளைகளும் உண்டு. காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய ஊர்ப்பெயர் ஆகையால், கண்டுபிடிப்பது எளிதன்று.