வந்து வந்து மறையும் கோளாறு: தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கு

கார்புரேட்டர் வைத்த அம்பாசடரும் மாருதி 800-ம் இன்னும் நம் கடைவாசலுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. இரண்டு மாடலுக்கும் 2014-லேயே உற்பத்தி முழுசாக நின்றுவிட்டது. ஸ்கேனர் மாட்டிப் பார்க்க இவற்றில் வழியில்லை. டெஸ்ட் லாம்ப், மல்டிமீட்டர், காது, இவ்வளவுதான் நம் ஆயுதம். அடியோடு செத்துப்போன பாகத்தை யாரும் கண்டுபிடித்துவிடலாம். காலையில் வீட்டில் மக்கர் செய்துவிட்டு, கடைக்கு வந்ததும் சமர்த்தாக ஸ்டார்ட் ஆகிற வண்டிதான் எலக்ட்ரீஷியனைச் சோதிக்கும்.

1. பானட்டைத் தூக்குமுன் வண்டிக்காரரை உட்காரவைத்துப் பேசு. காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, ஓடிச் சூடான பிறகா? மழையிலா? ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினாலா? "ஸ்டார்ட் ஆகலை" என்ற ஒரே வார்த்தைக்குள் நாலு விதமான கோளாறு இருக்கும். சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை என்பது ஒன்று. 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் என்பது இன்னொன்று. 'டகடகடக' என்று விடாமல் அடித்தால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும், இல்லை டெர்மினல் லூஸாக இருக்கும். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் செல்ஃபை விட்டுவிடு. ஸ்பார்க்கையும் பெட்ரோலையும் பார். அவர் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்.

2. கோளாறு இல்லாத நேரத்தில் வண்டி வந்தால் எதையும் பிடித்து ஆட்டாதே. கனெக்டரைக் கழற்றி மாட்டினாலே உள்ளே பூத்திருக்கும் பச்சை கொஞ்சம் உரசிப்போய் கரண்ட் ஓட ஆரம்பித்துவிடும். சில நாள் வண்டி ஓடும். பிறகு ராத்திரி நேரத்தில், குடும்பத்தோடு போகும்போது, நடு ரோட்டில் நிற்கும். அதனால் முதலில் கண்ணால் பார், அப்புறம் மீட்டரால் பார், கடைசியில் கை வை.

3. நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12-க்கு இறங்கியிருந்தால் சார்ஜ் போடாமல் வேறு எதையும் சோதிக்காதே. ஓய்வில் காட்டும் எண்ணை மட்டும் நம்பிவிடவும் கூடாது. செல்ஃப் அடிக்கும்போது பத்து வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகப்படு. அதே நேரத்தில் மீட்டர் முனையை முதலில் ஈயக் கம்பத்தின் தலையிலும், பிறகு அதன்மேல் இறுக்கிய கிளாம்பிலும் வைத்துப் பார். இரண்டுக்கும் நடுவே அரை வோல்ட் வித்தியாசம் வந்தாலும் கிளாம்புக்குள் உப்பு பூத்திருக்கிறது என்று அர்த்தம். கழற்றும்போது எர்த் பக்கம் முதலில், மாட்டும்போது எர்த் கடைசியில்.

4. பழைய வண்டியில் பாதி மர்மம் எர்த்தில்தான் இருக்கும். இன்ஜின் ரப்பர் மவுண்டிங்மேல் உட்கார்ந்திருக்கிறது. அதையும் பாடியையும் சேர்ப்பது பின்னல் பட்டையோ ஒரு கேபிளோதான். அது துருவேறினால் செல்ஃப் இழுக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பியர் வேறு வழி தேடும். சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பும். செல்ஃப் அடித்தவுடன் சோக் கேபிளைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம்.

இதை ஓம் மீட்டரில் சோதிக்கிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். கேபிளில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் சைபர் காட்டும். அந்த இழை மீட்டரின் துளி கரண்ட்டைத் தாங்கும், செல்ஃபின் பாரத்தைத் தாங்காது. எனவே மீட்டரை வோல்ட்டில் வை. ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில், மறுமுனை பெயின்ட் இல்லாத இன்ஜின் இரும்பில். ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கெட்டுவிட்டது. பட்டையை மாற்று; அது உட்காரும் இடத்தைப் பளபளவென்று இரும்பு தெரியும்வரை தேய்த்துவிட்டு இறுக்கு.

5. செல்ஃபில் சத்தமே இல்லையென்றால் வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டு, சாலினாய்டின் சின்ன டெர்மினலில் டெஸ்ட் லாம்ப் வை. சாவியைத் திருப்பும்போது பளிச்சென்று எரிந்தால் கோளாறு சாலினாய்டிலோ மோட்டாரிலோ. மங்கலாக எரிந்தாலோ எரியாவிட்டாலோ இக்னிஷன் ஸ்விட்ச் வரை பின்னோக்கிப் போ. செல்ஃபை ஸ்பேனரால் தட்டினால் எடுக்கிறதா? கார்பன் பிரஷ் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். தட்டியது சோதனை மட்டுமே. அதோடு வண்டியை அனுப்பிவிடாதே.

6. சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை இன்ஜின் பிடிக்காமல், விட்ட கணத்தில் ஒருமுறை உறுமிப் பார்க்கிறதா? அப்படியானால் ஸ்டார்ட் நிலையில் காயிலுக்குக் கரண்ட் போகவில்லை. ஸ்விட்சையும் அந்த வயரையும் பார்.

இன்னொரு கோளாறு பல பேரை அலைக்கழிக்கும். ஐடிலில் சாதுவாக ஓடும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் திணறி அணையும். அடுத்த நிமிஷம் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவார்கள். நீ முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திற. அம்பாசடரில் பெரும்பாலும் லூகாஸ் வகைதான். 1961-ல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ், சென்னைப் பாடியில் செய்து தந்தது. பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு வேக்குவம் இழுக்கும்போதெல்லாம் கொஞ்சம் திரும்பும். அதோடு உள்ளேயிருக்கும் குட்டி வயரும் வளைந்து நிமிரும். வருஷக்கணக்கில் வளைந்ததில் உறைக்குள்ளேயே செம்பு அறுந்துபோயிருக்கும், வெளியே பார்த்தால் முழுசாகத் தெரியும். இரண்டு விரலால் மெல்ல இழு. ரப்பர்போல் நீண்டால் அறுந்துவிட்டது. மூடி திறந்த கையோடு பாயிண்ட் இடைவெளியையும் 0.4 மில்லிமீட்டர் அளவில் வை.

சூடான பிறகு அணைந்து, அரைமணி ஆறினால் ஓடுகிற வண்டியை நின்ற இடத்திலேயே சோதிக்க வேண்டும். அங்கேயே ஸ்பார்க் பார். ஸ்பார்க் இல்லாவிட்டால் காயில் அல்லது கண்டென்சர். நீலமாக, 'சட் சட்' என்று ஸ்பார்க் இருந்தால் பெட்ரோல் லைனில் ஆவி அடைத்திருக்கலாம்.

7. ஹாரன், ஃபாக் லைட், ஸ்டீரியோ என்று யார் யாரோ வயரிங்கில் கைவைத்திருப்பார்கள். முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் எங்கே தெரிந்தாலும் சால்டர் செய். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பியைக் கண்டால் அன்றைக்கே எடுத்துவிடு. வண்டி தீப்பிடிக்க அது ஒன்று போதும்.

8. இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்காதே. டையோடு போய்விடும். ஓடும்போது பேட்டரியில் மீட்டர் வைத்தால் 13.8-க்கும் 14.4-க்கும் நடுவே காட்டும், அது போதும்.

9. ஒரு நேரத்தில் ஒரு பாகம் மட்டும் மாற்று. மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது கெட்டிருந்தது என்று உனக்கும் தெரியாது, காசு கொடுத்தவருக்கும் தெரியாது. கண்டுபிடிக்க முடியாவிட்டால் முடியவில்லை என்று சொல், பணம் வாங்காதே.

10. சரிசெய்த பிறகு, கோளாறு வந்த அதே நிலைமையை உண்டாக்கிப் பார். சூட்டில் வந்ததென்றால் வெயிலில் ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிஷம் கழித்து ஸ்டார்ட் பண்ணு. மழையில் வந்ததென்றால் இருட்டின பிறகு இன்ஜினை ஓடவிட்டு, பிளக் வயர்கள்மேல் ஸ்பிரே பாட்டிலால் லேசாகத் தண்ணீர் தெளி. கை மட்டும் எட்ட இருக்கட்டும். கசிகிற வயர் நீலமாக மினுக்கும். அதை மாற்றிவிட்டு, அந்த நோட்டில் அதே பக்கத்தில் எந்த வயர் என்று எழுதிவிட்டுச் சாவியைக் கொடு.