சிற்றூரின் செய்தியாளர்

நுழையும்முன்

நாளிதழ்களின் முதற்பக்கத்தைத் தலைநகரச் செய்திகளே பெரிதும் நிரப்புகின்றன. ஒரு சிற்றூரின் தண்ணீர்த் தட்டுப்பாட்டை யார் எழுதுவர்? எம்மொழியில் எழுதுவர்? இவ்வினாக்களுக்கு விடையாகத் தோன்றிய ஓர் இதழைப் பற்றி அறிவோம்.

பாடம்

கம்பராமாயணம் கற்றோர் சித்திரகூடம் என்னும் பெயரை அறிவர். உத்தரப் பிரதேசத்தின் தென்பகுதியில், புந்தேல்கண்ட் நிலப்பரப்பில், அப்பெயர் கொண்ட மாவட்டம் உள்ளது. அங்கு 2002-ஆம் ஆண்டு 'கபர் லகரியா' என்னும் செய்தித்தாள் தொடங்கப்பெற்றது. 'செய்தி அலைகள்' என்பது அப்பெயரின் பொருள். அதன் செய்தியாளர்கள் பெண்கள். ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தோரே அவர்களுள் மிகுதி. சிலர் வளர்ந்த பின்னரே எழுதப் படிக்கக் கற்றவர்கள். இதழை நிறுவியோருள் ஒருவர் கவிதா தேவி.

அப்பகுதி மக்கள் வீட்டிலும் வயலிலும் பேசுவது புந்தேலி. பள்ளியிலும் அலுவலகத்திலும் வழங்குவது இந்தி. கபர் லகரியா புந்தேலியில் வெளிவந்தது. ஆதலால், பள்ளி செல்லாதவரும் பிறர் படிக்கக் கேட்டுச் செய்தியை உணர முடிந்தது. செய்தியாளர்களே இதழ்களை ஊர்தோறும் கொண்டு சென்று விற்றனர்.

உள்ளூர்ச் செய்தியாளரின் பணி எளிதன்று. ஓர் ஊரில் அடிகுழாய் பழுதாயிற்று என அவர் கேள்வியுறுவதாகக் கொள்வோம். கேட்டதை அப்படியே எழுதிவிட இயலாது. நேரில் சென்று காண வேண்டும். எத்தனை நாளாக நீர் வரவில்லை, பெண்கள் எவ்வளவு தொலைவு நடந்து நீர் சுமக்கின்றனர் என வினவ வேண்டும். ஊராட்சித் தலைவரும் அலுவலரும் கூறும் விடையையும் குறித்துக்கொள்ள வேண்டும். செய்தி வெளிவந்த பின்னர் மீண்டும் சென்று, குழாய் சீராயிற்றா எனப் பார்க்க வேண்டும்.

வெளியூரிலிருந்து வரும் செய்தியாளர், தாம் எழுதியோரைப் பின்னர்க் காணாமலே போகலாம். உள்ளூர்ச் செய்தியாளரோ அவர்களைச் சந்தையிலும் பேருந்திலும் நாள்தோறும் காண்பார். பிழையாக எழுதினால் மறுநாளே கேள்வி எழும். உண்மையை எழுதினால் சிலர் சினங்கொள்வர். ஆகவே, அவருக்குக் கவனமும் துணிவும் ஒருங்கே வேண்டும்.

குறைகள் மட்டுமே செய்தியாவதில்லை. மழைக்காலத்தில் பாடப்பெறும் ஆல்ஹா என்னும் வீரக்கதைப் பாடல், ஹோலிப் பாட்டு, ராம்லீலாக் கூத்து, இளைஞர் அலைபேசியில் கேட்கும் புதிய பாட்டு ஆகியனவும் ஊரின் வாழ்வே. பாடியவர் யார், இயற்றியவர் யார், அவர்தம் உழைப்புக்கு ஊதியம் கிடைத்ததா என ஆராய்ந்து எழுதும்போது கேளிக்கையும் செய்தியாகிறது.

கபர் லகரியா 2004-இல் சமேலி தேவி ஜெயின் விருதையும், 2009-இல் யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பரிசையும் பெற்றது. பின்னர் அச்சிதழ் நின்று, அலைபேசிக் காணொளிகள் வழியே அதன் பணி தொடர்ந்தது. இச்செய்தியாளர்களைப் பற்றிய 'ரைட்டிங் வித் ஃபயர்' என்னும் ஆவணப்படம் 2022-இல் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. எனினும், அப்படம் தம் பணியின் ஒரு பகுதியையே காட்டுகிறது என அவர்கள் வெளிப்படையாக அறிவித்தனர். புகழ் தேடிவந்த வேளையிலும், பாதி உண்மை முழுச் செய்தி ஆகாது என்னும் தொழில்நெறியில் அவர்கள் நின்றனர்.

அருஞ்சொற்பொருள்

பழுது – கேடு. வினவுதல் – கேட்டல். ஒருங்கே – ஒன்றாக. இயற்றுதல் – படைத்தல். நெறி – ஒழுங்கு முறை.

பயிற்சிகள்

1. பிரித்து எழுதுக: உள்ளூர், எழுத்தறிவு, சிற்றூர்.
2. கபர் லகரியா இந்தியில் வெளிவந்திருந்தால் யார் பயன்பெறாது போயிருப்பர்? ஏன்?
3. அடிகுழாய்ச் செய்திக்கு அலுவலரின் விடையும் தேவைப்படுவது ஏன்?
4. ஆவணப்படம் குறித்துச் செய்தியாளர்கள் கூறிய கருத்து சரியானதா? காரணம் தருக.
5. உம் குடியிருப்பில் நிகழ்ந்த ஒன்றை நேரில் கண்டு, இருவரிடமேனும் வினவி, ஆறு தொடர்களில் தமிழில் செய்தியாக எழுதுக. அதனை வீட்டிலுள்ள பெரியோர்க்குப் படித்துக் காட்டுக.