ஆறாம் எண்

ஒன்றினும் மிக்க எண்களுள், ஒன்றாலும் தன்னாலுமன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாததைப் பகா எண் என்பர். 2, 3, 5, 7 போன்றவை இவ்வகையின. பிற எண்கள் பகு எண்கள் எனப்படும். சிறிய எண்ணாயின் அதன் இயல்பை எளிதில் அறியலாம். எண் பெருகப் பெருக அவ்வாராய்ச்சி அரிதாகும்.

பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுத் துலூசு நகரில் நீதித்துறைப் பணியில் இருந்தவர் பெர்மா என்பவர். ஓய்வு நேரத்தை அவர் கணித ஆராய்ச்சியில் செலவிட்டார். 2, 4, 16, 256, 65,536 என்னும் வரிசையில் ஒவ்வோர் எண்ணும் தனக்கு முன்னுள்ள எண்ணின் வர்க்கமாகும். இவற்றோடு தனித்தனியே ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65,537 என்பன கிடைக்கும். இவை ஐந்தும் பகா எண்களே. ஆதலின், இவ்வரிசை எத்துணை நீளினும் பகா எண்களே தோன்றும் என்று பெர்மா 1640ஆம் ஆண்டில் கருதினார். ஆனால், அதற்குரிய முழுமையான நிறுவல் அவருக்குக் கிட்டவில்லை.

வரிசையின் ஆறாம் எண் 4,29,49,67,297 ஆகும். இதன் இயல்பை நேர்முறையில் அறிய வேண்டின், 65,536க்கு உட்பட்ட 6,542 பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தல் வேண்டும். அத்தகைய உழைப்பிற்கு அஞ்சாதவர் யார்?

1729ஆம் ஆண்டில் கோல்ட்பாக் என்னும் அறிஞர், பெர்மாவின் கருத்தைக் குறித்து ஆய்லருக்கு மடல் எழுதினார். சுவிட்சர்லாந்தில் பிறந்த ஆய்லர் அப்போது உருசிய நாட்டில் வாழ்ந்த இளைஞர். அவர் 1732ஆம் ஆண்டில், ஆறாம் எண் 641ஆல் மீதியின்றி வகுபடும் என்று அறிவித்தார். 92 ஆண்டுகள் நிலவிய கருத்து அன்றே வீழ்ந்தது.

இதனை எவ்வாறு காணலாம் என்பதை ஆய்லரே பின்னர் விளக்கினார். ஆறாம் எண்ணை வகுக்கும் பகா எண் எதுவாயினும், அதனை 64ஆல் வகுத்தால் 1 மீதி வரும். அத்தகைய பகா எண்கள் முறையே 193, 257, 449, 577, 641 என்பன. முதல் நான்கும் வகுக்கவில்லை, ஐந்தாவது வகுத்தது! இம்முறைக்கு அடிப்படையாய் அமைந்தது பெர்மாவே கண்டறிந்த வேறொரு விதி என்பது வியப்பிற்குரியது.

இம்முடிவை மாணவரும் சரிபார்க்கலாம். 67,00,417ஐ 600ஆல் பெருக்கினால் 4,02,02,50,200. 41ஆல் பெருக்கினால் 27,47,17,097. இரண்டையும் கூட்டினால் ஆறாம் எண் வந்துவிடும்.

ஆறாம் எண் முதல் முப்பத்து மூன்றாம் எண் வரை இருபத்தெட்டும் பகு எண்களே என்பது இன்று தெளிவாகியுள்ளது. எனினும், வரிசையில் இனிப் பகா எண்ணே இல்லை என்று கணித அறிஞர் முடிவு கூறுவதில்லை. ஐந்து சான்றுகளை நம்பிப் பேரறிஞர் ஒருவரே பிழைபட்டார் அல்லரோ? சான்றுகள் வழி காட்டும். நிறுவலே உண்மையை நிலைநாட்டும்.