கற்றுக்கொடுப்பவருக்கு நேரம் கொடுங்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

ஓசூரில் வாகன உதிரிபாக ஆலை ஒன்றில் பயிற்சிப் பொறுப்பில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். இந்த ஆண்டுப் பயிற்சிப் பணத்தில் பெரும்பகுதியை ஒரு மொபைல் ஆப்புக்கு ஒதுக்க நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. ஐந்து நிமிட வீடியோ, கேள்விகள், மதிப்பெண், சான்றிதழ் எல்லாம் அதில் உண்டு. ஆனால் லைனில் ரிஜெக்‌ஷன் குறையுமா என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். உங்கள் வருத்தம் நியாயமானது. ஆப் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பணத்தில் ஒரு பங்கையாவது, புதியவர் பக்கத்தில் நின்று வேலை சொல்லிக்கொடுக்கும் ஆளுக்காகச் செலவிட வேண்டும் என்பதே என் கருத்து.

இதற்கு ஒரு பழைய முன்மாதிரி இருக்கிறது. 1940-இல் அமெரிக்க ஆலைகள் போர்க்கால உற்பத்திக்குத் தயாரானபோது, தேர்ந்த தொழிலாளர்களுக்குக் கடும் தட்டுப்பாடு. ஆலை வாசலை மிதித்திராதவர்களும், பிறகு லட்சக்கணக்கான பெண்களும் வேலைக்கு வந்தார்கள். அத்தனை பேரையும் வகுப்பில் உட்கார வைக்க அவகாசமில்லை. அந்த ஆகஸ்டில் ‘டிரெயினிங் வித்தின் இண்டஸ்ட்ரி’ என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. அதை நடத்திய சானிங் டூலி, வால்டர் டீட்ஸ் போன்றவர்கள் தொழில்துறையிலிருந்தே வந்தவர்கள். சூப்பர்வைசருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்துவிட்டால் மற்றதை அவர் பார்த்துக்கொள்வார் என்பது அவர்கள் கணக்கு. இரண்டு மணி நேரம் வீதம் ஐந்து அமர்வுகள், ஆக 10 மணி நேரப் பயிற்சி. 1945-இல் திட்டம் முடிவதற்குள் 16,000-க்கும் அதிகமான ஆலைகளில் 16 லட்சத்துக்கும் அதிகமானோர் சான்றிதழ் பெற்றிருந்தார்கள்.

அந்தப் பயிற்சியின் முதல் பாடம் ஒரு முடிச்சு. உயரத்தில் தொங்கும் பல்பின் ஹோல்டரைக் கழற்றினால், உள்ளே இரண்டு வயர்களும் பிரிந்து, ஒன்றின் வளையத்துக்குள் மற்றது நுழைந்து முடிச்சாகி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். யாராவது வயரைப் பிடித்து இழுத்தாலும் விசை முடிச்சோடு நின்றுவிடும். ஸ்குரூவில் மாட்டிய முனை கழன்று வராது. பயிற்சியாளர் முதலில் ஒருவரை அழைத்து, முடிச்சுப் போடும் முறையை வாயால் மட்டும் சொல்வார். கேட்டவருக்குப் போட வராது. அடுத்தவரை எதிரே நிறுத்தி, பேசாமல் போட்டுக் காட்டுவார். எதிரே நிற்பவருக்கு இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும், அவருக்கும் வராது. மூன்றாமவரைத் தன் பக்கத்தில் நிற்க வைப்பார். இதைப் பற்றி ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்டுக்கொள்வார். ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டே செய்து காட்டுவார். மறுபடி செய்யும்போது, எந்த இடத்தில் கவனம் வேண்டும், ஏன் வேண்டும் என்று அழுத்திச் சொல்வார். பிறகு அவரையே செய்யச் சொல்லி, தவறைக் கையோடு திருத்துவார். அடுத்த முறை காரணத்தோடு சொல்லிக்கொண்டே செய்யச் சொல்வார். கடைசியில், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று ஓர் ஆளைக் காட்டி, தனியே விட்டு, அவ்வப்போது வந்து பார்ப்பார். இந்த மூன்றாமவர் முடிச்சைச் சரியாகப் போட்டுவிடுவார். அறையில் இருக்கும் சூப்பர்வைசர்கள், தாங்கள் இத்தனை காலம் முதல் இரண்டு வழிகளில்தான் சொல்லிக்கொடுத்து வந்தோம் என்பதைத் தாங்களாகவே கண்டுகொள்வார்கள்.

உங்கள் ஷாப் ஃப்ளோரிலும் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். அனுபவசாலி ஆபரேட்டரிடம் ஒரு பையனை ஒப்படைத்து ‘இவரைப் பார்த்துக் கத்துக்கோ’ என்கிறோம். அந்த ஆபரேட்டருக்கு அன்றைய டார்கெட் ஒரு பீஸ்கூடக் குறைவதில்லை. அவர் எப்போது சொல்லிக்கொடுப்பார்? டூல் மாற்றியதும் முதல் பீஸை அளந்து பார்க்க வேண்டும் என்பது அவர் கைக்குப் பழகிப்போனது. அதனாலேயே வாயில் வராது. பையன் அதைத் தெரிந்துகொள்வது ஒரு லாட் முழுவதும் ரிஜெக்ட் ஆன பிறகுதான்.

போர் முடிந்ததும் அமெரிக்கா இந்த முறையை ஏறக்குறையக் கைவிட்டது. அமெரிக்கர்கள் வழியாகவே அது ஜப்பானுக்குப் போனது. 1950-களில் டொயோட்டா அதை எடுத்துக்கொண்டது. இன்று உலகமே படிக்க வரும் டொயோட்டாவின் வேலைப் பயிற்சிக்கு ஒரு முக்கிய வேர் இதுதான்.

எல்லா வேலையையும் இப்படிப் படிப்படியாகப் பிரித்துவிட முடியாது. பழுது கண்டுபிடிக்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலியன் ஆர் என்ற மானுடவியலாளர் 1980-களில் ஜெராக்ஸ் நிறுவன டெக்னீஷியன்களோடு கூடவே சுற்றினார். 1996-இல் அதைப் புத்தகமாகவும் கொண்டுவந்தார். இந்தக் கோளாறுக் குறி வந்தால் இதைப் பார், அது சரியென்றால் அடுத்ததைப் பார் என்று வழிகாட்டும் தடித்த கையேடுகளை நிறுவனம் கொடுத்திருந்தது. மெஷின்கள் அந்தக் கையேட்டின்படிப் பழுதாகவில்லை. டெக்னீஷியன்கள் காலை உணவிலும் மதியச் சாப்பாட்டிலும் கூடி, தாங்கள் பட்ட பாட்டைக் கதையாகச் சொல்லிக்கொண்டார்கள். ‘அன்றைக்கு இதே குறி வந்தது, ஆனால் கோளாறு வேறிடத்தில் இருந்தது’ என்பது போன்ற பேச்சு. மேலிருந்து பார்ப்பவருக்கு அது அரட்டை. அடுத்த மெஷினைச் சரிசெய்யத் தேவையான அறிவு அந்தப் பேச்சில்தான் இருந்தது என்று ஆர் காட்டினார். பிறகு ஜெராக்ஸ் ‘யுரேக்கா’ என்ற குறிப்புத் தொகுப்பை உருவாக்கியது. டெக்னீஷியன்கள் எழுதிய குறிப்புகளைச் சக டெக்னீஷியன்கள் சோதித்து ஏற்றுக்கொண்டார்கள். ஒவ்வொன்றோடும் எழுதியவர் பெயர் நின்றது. அந்த மரியாதைக்காகவே அவர்கள் எழுதினார்கள்.

70:20:10 விதி பற்றியும் கேட்டிருந்தீர்கள். 70 பங்கு வேலையில், 20 பங்கு பிறரிடம், 10 பங்கு வகுப்பில் கற்கிறோம் என்கிறது அது. நிறுவனத் தலைமைப் பொறுப்பில் இருந்தவர்கள் தங்கள் வளர்ச்சியை நினைவுகூர்ந்து சொன்னதிலிருந்து பிறந்தது இந்தக் கணக்கு. லேத் ஓட்டுபவர் எப்படிக் கற்கிறார் என்று அளந்து எடுத்ததல்ல அது. அதை வைத்து பட்ஜெட் பிரிக்காதீர்கள்.

நம் ஊரிலேயே இருக்கும் உதாரணத்தையும் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி தருகிறது. பார்வை சோதிப்பது, நோயாளியை அறுவைக்குத் தயார் செய்வது, அறுவை அரங்கில் மருத்துவருக்கு உதவுவது என்று அவர்கள் மூத்தவர்களோடு நின்று பழகுகிறார்கள். அந்த மருத்துவர்கள் ஒரு நோயாளியை முடித்ததும் அடுத்தவரிடம் உடனே திரும்ப முடிகிறதென்றால், அந்தப் பெண்களின் தேர்ச்சியே காரணம். கற்பிப்பது அங்கே வேலையின் ஒரு பகுதி. நம் ஆலைகளில் பலவும் 1961-ஆம் ஆண்டு அப்ரெண்டிஸ் சட்டத்தின் பெயரால் பிள்ளைகளைச் சேர்த்து, கற்பிக்காமலே உற்பத்தியில் இறக்கிவிடுகின்றன. இதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

ஆப்பை வாங்கிவிட்டார்கள் என்றால் அதை ஞாபகத்துக்காகப் பயன்படுத்துங்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து சொல்லிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள் என்று ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆகவே வீடியோவைக் குறைத்து, சில நாள் இடைவெளி விட்டுக் கேள்வி வரும்படி அமைக்கச் சொல்லுங்கள். அதற்கு ஆப் நன்றாக உதவும்.

இப்போதைக்கு ஒரே ஒரு லைனை எடுங்கள். ரிஜெக்‌ஷன் அதிகம் வரும் வேலையாக இருக்கட்டும். அதைச் சிறப்பாகச் செய்பவரை உட்காரவைத்து, படிகளையும் கவனிக்க வேண்டிய இடங்களையும் அவர் வாயாலேயே சொல்லவைத்து ஒரே தாளில் எழுதுங்கள். அவர் புதியவருக்குக் கற்பிக்கும் நாட்களில் அவருடைய டார்கெட்டைக் குறைக்கும்படி நிர்வாகத்திடம் எழுத்திலேயே கேளுங்கள். மறுத்தால், அந்த லைனின் கடந்த மாத ரிஜெக்‌ஷன் செலவை ரூபாயில் எழுதி அந்தக் கடிதத்தோடு இணைத்து மறுபடியும் அனுப்புங்கள். மூன்று மாதம் கழித்து என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்